பீஸ் குவியும் இடத்தில் போய் உட்காருங்கள்: புதிதாக லைன் சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களில் பலர் திரும்பி வரும்போது வேறு கம்பெனிக்குத்தான் வருவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இது வருஷா வருஷம் நடப்பது. வரிசையாக மிஷின் போட்டுத் தைக்கிற லைனில் ஆள் மாறினால் சூப்பர்வைசரும் மாறுவார். அப்படி ஒரு நாளில்தான் உங்களையும் கூப்பிட்டிருப்பார்கள். நேற்று வரை ஓவர்லாக் தையல் மிஷினிலோ செக்கிங் டேபிளிலோ இருந்தவரிடம், "இன்னையில இருந்து மூணாவது லைனை நீ பாத்துக்க" என்று சொல்லியிருப்பார்கள். கையில் ஒரு பேடு, ஒரு பேனா, கழுத்தில் வேறு கலர் டேக். பயிற்சி அதோடு முடிந்திருக்கும்.

நானும் அப்படி வந்தவள்தான். ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வந்து கைமடியாக, அதாவது டெய்லருக்கு எடுத்துக் கொடுத்து அடுக்குகிற உதவியாளாக, சேர்ந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. ஓவர்லாக், ஃபிளாட்லாக் இரண்டு மிஷினும் பழகி டெய்லர் ஆனேன். பதினோரு வருஷம் லைன் சூப்பர்வைசர், கடைசி நாலு வருஷம் ஃப்ளோர் இன்சார்ஜ். இப்போது வேலையை விட்டு நின்றுவிட்டேன். ஆனாலும் காலையில் கம்பெனி வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது, இன்றைக்குப் புதிதாக ஒரு லைனுக்கு முன்னால் போய் நிற்கப்போகிற யாரோ ஒருவரை நினைத்துக்கொள்வேன். அவருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சூப்பர்வைசர் ஆன முதல் வருஷம் அது. சிங்கிள் ஜெர்சி டீ ஷர்ட், நல்ல மெல்லிசுத் துணி. ஷிப்மென்ட்டுக்கு நாலு நாள்தான் இருந்தது. பாட்டம், அதாவது சட்டையின் கீழ் ஓரம், மடிக்கிற ஃபிளாட்லாக்கில் என்னை விடப் பத்து வயது மூத்த ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய மிஷினில் ஊசி முனை மழுங்கியிருந்தது. உங்களுக்கே தெரியும், பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசிதான் போடுவோம். அது நூலை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். முனை மழுங்கினாலோ பிசிர் அடித்தாலோ விலக்குவதற்குப் பதிலாக நூலை அறுத்துவிடும். தைத்த உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தையலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாலோ ஒரு தண்ணியில் துவைத்தாலோ வரிசையாகப் பொத்தல் விழும். நீடில் கட் என்று சொல்வோமே, அதுதான்.

அக்காவுக்குக் காலையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஊசி இறங்குகிற சத்தம் மாறிவிட்டது என்று பிற்பாடு சொன்னார். அத்தனை வருஷம் மிஷினில் உட்கார்ந்த காதுக்கு அது கேட்கும். ஆனால் முந்தின நாள்தான் வேறொரு பெண் ஊசி மாற்றுவதற்கு எழுந்து போனதற்கு நான் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தியிருந்தேன். "ஊசிக்கு ஒரு நடை, தண்ணிக்கு ஒரு நடைன்னு போனா பீஸ் எப்படி எறங்கும்?" அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் 1,400 பீஸ் அந்த ஊசியைத் தாண்டிப் போய்விட்டது.

ஆர்டர் கொடுத்த பையருடைய க்யூ.சி., அதாவது தரம் பார்க்கிறவர், வந்தார். 1,400 பீஸ் லாட் என்றால், எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று வழக்கமாகப் பார்க்கிற ஏ.க்யூ.எல். 2.5 அட்டவணைப்படி 125 பீஸை உருவிப் பார்ப்பார்கள். குறை 7 வரை இருந்தால் பாஸ், 8 ஆனால் ஃபெயில். அவர் ஒவ்வொரு பீஸையும் இரண்டு கையாலும் பிடித்துப் பாட்டம் தையலை மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். நாற்பது பீஸ் பார்த்து முடிக்கும் முன்பே எட்டு வந்துவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அப்புறம் இரண்டு ராத்திரி. 1,400 பீஸையும் திரும்பக் கொட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துப் பிரித்தோம். அக்காவும் கூடவே இருந்தார். இரண்டாவது ராத்திரி டீ குடிக்கும்போது, "சொல்லலாம்னுதான் கண்ணு இருந்தேன். நீ கத்துவியோன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. மறுநாள் மானேஜர் யாரால் ஆச்சு என்று கேட்டபோது, "என்னாலதாங்க" என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

சூப்பர்வைசர் வேலையைப் பற்றி நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் அந்த டீயோடுதான் வந்தது. லைனில் ஒரு கோளாறு நடந்தால் அது உங்கள் காதுக்கு எத்தனை நிமிஷத்தில் வருகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் வந்தால் பத்துப் பீஸ் போகும். ஒன்றரை நாள் கழித்து வந்தால் 1,400 போகும். நீங்கள் கத்தக் கத்த அந்த நேரம் நீளும்.

பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் டொயோட்டா கார் கம்பெனியின் கதையைக் கேட்டேன். அந்தக் கம்பெனியின் வேர் தறியில் இருக்கிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாகிச்சி டொயோடா என்பவர் ஜப்பானில் தறி செய்தவர். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியை உருவாக்கினார். 1924-ல் அவர் முடித்த தானியங்கித் தறி உலகமெங்கும் பேர் வாங்கியது. அதற்கு முன்னால் நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருக்கும், துணி பாழாகிக்கொண்டே இருக்கும். அவருடைய மகன் கார் கம்பெனி ஆரம்பித்த பிறகு அதே யோசனை ஆட்களுக்கும் வந்தது. லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறைப் பார்த்தால் தலைக்கு மேல் இருக்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே லீடர் ஓடி வருவார். அவரால் அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். கயிற்றை இழுத்தவரை யாரும் திட்ட மாட்டார்கள். நூலும் துணியுமாக வாழ்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

எனக்கு இந்தக் கதை தெரியும் முன்பே என் லைனில் ஒரு வழி செய்துவிட்டேன். கட்டிங்கில் மிச்சமான சிவப்புத் துணியை ரிப்பன் மாதிரி வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஏதாவது சரியில்லை என்று பட்டால் நூல் ஸ்டாண்டில் கட்டிவிட்டு உட்கார்ந்திருங்கள், எழுந்து வர வேண்டாம், நான் வருகிறேன் என்றேன். ஊசி டப்பா என் இடுப்புப் பையிலேயே இருக்கும். பழைய ஊசியை வாங்கிக்கொண்டுதான் புதுசு கொடுப்பேன். உடைந்த ஊசி என்றால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்து வாங்குவோம். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தப் பண்டல் முழுக்க, ஊசித் துண்டைக் கண்டுபிடிக்கிற நீடில் டிடெக்டருக்குப் போகும். குழந்தைகள் போடுகிற துணியில் ஊசி முனை இருந்துவிடக் கூடாது. இதில் மட்டும் அவசரம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

முதல் வாரம் ஒருவர்கூடத் துணியைக் கட்டவில்லை. என்னை நம்பவில்லை, நம்ப வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, கைமடிப் பெண் ஒருத்தி, வேலைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகாதவள், கழுத்துப் பட்டை ரிப்புக்கும் பாடிக்கும் ஷேடு, அதாவது நிறம், கொஞ்சம் வேறாகத் தெரிகிறது என்று கட்டினாள். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தோம். ஷேடு சரியாகத்தான் இருந்தது, டியூப் லைட் செய்த வேலை. நான் அவளிடம், "நல்ல வேளை பாத்த, இன்னொரு தடவை சந்தேகம் வந்தாலும் இதே மாதிரி கட்டு" என்று பக்கத்து டேபிள்களுக்குக் கேட்கும்படி சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மூன்று டேபிளில் சிவப்புத் துணி ஏறியது. அதில் இரண்டு நிஜமான கோளாறு. தப்பாகக் கட்டுகிறவரை எப்படி நடத்துகிறீர்கள் என்று மொத்த லைனும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த முதல் ஆளிடம் முகம் சுளித்துவிட்டால் எல்லாம் போச்சு.

சரி, அடுத்தது டார்கெட்.

மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியிருக்கும். பீஸ் குறைந்தால் புது சூப்பர்வைசர் லைனின் கடைசியில், பீஸ் வெளியே வருகிற இடத்தில், நின்று கத்துவார். நானும் நின்றிருக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தோள் ஜாயின் 30 நொடி, பாட்டம் 40 நொடி, ஸ்லீவ் அட்டாச் 60 நொடி என்று வையுங்கள். எல்லாவற்றிலும் ஓர் ஆள் என்றால், அந்த லைனில் மணிக்கு 60 பீஸுக்கு மேல் ஒருநாளும் வராது. பாட்டம் மடிக்கிறவர் எவ்வளவு வேகமாக மடித்தாலும் அவருக்கு வந்து சேர்வதே 60 தான். அவரைப் போய் விரட்டி என்ன பிரயோஜனம்? பீஸ் எங்கே குவிகிறது என்று கண்ணால் பார்த்தாலே போதும். எந்த டேபிளுக்கு முன்னால் குவியல் இருக்கிறதோ, அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். பத்து நிமிஷம் பேசாமல் கையை மட்டும் பாருங்கள்.

அப்படி ஒரு தடவை ஸ்லீவ் தைக்கிற பெண்ணிடம் உட்கார்ந்தேன். வேகமான கை, ஆனாலும் அவள் முன்னால் எப்போதும் குவியல். பார்த்தால், கைமடி ஸ்லீவ்களை அடுக்கி வைக்கும்போது உள்பக்கம் மேலே வரும்படி வைத்துக்கொண்டிருந்தது. இவள் ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் போட்டுத் தைக்கிறாள். திருப்புவதற்கு நாலு நொடி. ஒரு நாளைக்கு 600 என்றால் 2,400 நொடி, அதாவது 40 நிமிஷம். அந்த 40 நிமிஷத்துக்காக அவள் வாரக்கணக்கில் பேச்சு வாங்கியிருக்கிறாள். கைமடியிடம் அடுக்கைத் திருப்பி வைக்கச் சொன்னேன். கத்தரியைத் தொங்கவிடும் நாடாவையும் இரண்டு விரல் சுருக்கிக் கட்டினோம். மத்தியானத்துக்குள் குவியல் கரைந்தது. "இதை ஏம்மா சொல்லலை?" என்றதற்கு, "யாரும் கேக்கலைங்க்கா" என்றாள்.

ஆட்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்கு உங்கள் லைனில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம். காது கேட்காதவரிடம் பேசுவது மாதிரி. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் இதே பிரச்சினை வந்தது. அனுபவசாலிகள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், தொழிற்சாலைகளில் எல்லாம் புது ஆள். அப்போது சூப்பர்வைசர்களுக்கென்றே டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி என்று ஒரு பயிற்சியை 1940 முதல் 1945 வரை நடத்தினார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்கும் போனது. அதில் வேலை சொல்லிக்கொடுக்க நாலு படி வைத்திருந்தார்கள். முதலில் ஆளைப் பதற்றமில்லாமல் உட்கார வை, அவருக்கு என்ன தெரியும் என்று கேள். அப்புறம் நீ செய்து காட்டு, ஒவ்வொரு படியாக, முக்கியமான இடத்தை அழுத்திச் சொல்லி. மூன்றாவது, அவரைச் செய்ய வை, செய்துகொண்டே ஏன் அப்படிச் செய்கிறார் என்று சொல்லவும் வை. நாலாவது, தனியாக விடு, ஆனால் அடிக்கடி போய்ப் பார். அங்கே ஒரு வாசகம் உண்டு: தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் முதல் படியையும் நாலாவதையும்தான் விட்டுவிடுகிறோம். ருக்கோ (நில்), தீரே (மெதுவாக), தேக்கோ (பார்) என்று பத்து இந்திச் சொல் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முக்கியமாகப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "ஏ இந்திக்காரா" என்று கூப்பிடுகிற சூப்பர்வைசருக்கு அந்தப் பிள்ளை எந்தச் சிவப்புத் துணியையும் கட்டாது.

இனி நான் எழுதப்போவதைத் தம்பிகள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

லைனில் மிஷினில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நின்று மேற்பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பாத்ரூம் போக உங்களிடம் கேட்க வேண்டும், தலைவலி என்றால் உங்களிடம் சொல்ல வேண்டும், லீவுக்கும் உங்களிடம்தான் வர வேண்டும். இது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று அந்த டேக்கைப் போட்டவருக்குப் பல சமயம் தெரிவதில்லை. கேட்டு நிற்கிறவருக்கு ஒவ்வொரு நாளும் தெரியும். "டி" போட்டுக் கூப்பிடுவது, பாத்ரூமுக்குப் போய்வந்த நேரத்தை எல்லோர் முன்பும் சொல்லிக் காட்டுவது, வேலை முடிந்த பிறகு போனில் மெசேஜ் அனுப்புவது, இதெல்லாம் சாதாரணம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அதற்குப் பிறகுதான், 2022-ல், திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானது. பெண்களே நடத்துகிற தொழிற்சங்கமும் ஆலையும் வெளிநாட்டு பிராண்டுகளும் அதில் கட்டுப்பட்டார்கள். லைனில் இருக்கும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, தொந்தரவு எங்கே தொடங்குகிறது என்று கவனித்துச் சொல்கிற பொறுப்பைக் கொடுத்தார்கள். பயமில்லாமல் சொல்ல ஒரு வழி வேண்டும் என்பதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

சட்டமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2013-ல் வந்த சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும். அதற்கு ஒரு மூத்த பெண் ஊழியர்தான் தலைமை, உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரமே கேட்டு, பெயர்களை உங்கள் லைனுக்குச் சொல்லுங்கள். ஆடிட்டுக்காகச் சுவரில் ஒட்டின பேப்பரை யாரும் படிப்பதில்லை.

மேலே இருப்பவர்களிடம் பேசுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். முடியாத டார்கெட்டுக்குத் தலையாட்டிவிட்டு வந்து லைனில் அந்தக் கோபத்தைக் காட்டுவது, நம்மில் பலர் செய்வது. நான் ஒரு நாப்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். மணிக்கு மணி எத்தனை பீஸ், எந்த மிஷின் எத்தனை நிமிஷம் நின்றது, யார் லீவு, பட்டன், லேபிள் மாதிரி டிரிம்ஸில் எது லேட். "முடியாதுங்க" என்று வெறும் வாயால் சொன்னால் திட்டு விழும். "நேத்து ஃபிளாட்லாக் ரெண்டு மணி நேரம் நின்னுச்சுங்க, மெக்கானிக் பதினொண்ணே காலுக்குத்தான் வந்தாரு, இன்னொரு மிஷின் குடுத்தா ராத்திரி எட்டரைக்குள்ள முடியும்" என்று சொன்னால் மானேஜர் மெக்கானிக்கைக் கூப்பிடுவார். அந்த நோட்டு எனக்குக் கொடுத்த மரியாதையை என் சத்தம் ஒருநாளும் கொடுத்ததில்லை.

உங்கள் சொந்த வளர்ச்சிக்கும் அதே நோட்டுதான் ஆரம்பம். ஆறு மாசம் எழுதினால் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) டிபார்ட்மென்ட் பேசுகிற பாஷை தானாகவே புரிய ஆரம்பிக்கும். ஒரு ஆபரேஷனுக்கு எத்தனை நிமிஷம், லைனை எப்படிப் பேலன்ஸ் செய்வது, எஃபிஷியன்சி கணக்கு எப்படி வருகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். சொல்லிக்கொடுப்பார்கள். எக்செல் போனிலேயே பழகலாம். பையர் அனுப்புகிற மெயிலில் திரும்பத் திரும்ப வருவது அறுபது எழுபது இங்கிலீஷ் வார்த்தைகள்தான், அவற்றை எழுதி வைத்துப் படித்தால் போதும். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான், என்னால் முடிந்தது. உங்களுக்கு அடுத்து லைனைப் பார்க்க ஒருவரைத் தயார் செய்து வையுங்கள், அது ஒரு பெண்ணாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் லைன் நிற்கும் என்பது பெருமை என்று நினைத்து, ஃப்ளோர் இன்சார்ஜ் வேலைக்கு அனுப்ப முடியாமல் அதே லைனில் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதை முதலாளிகள் யாராவது படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு புது மிஷின் வந்தால் அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க இரண்டு நாள் ஆள் அனுப்புகிறீர்கள். முப்பது பேரை நடத்தப் போகிறவருக்கு ஒரு வாரமாவது கொடுங்கள். அந்த வாரத்துக்கு லைன் டார்கெட்டைக் கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை காலை கஷ்டமாக இருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு ஊருக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள், நாலைந்து டேபிள் காலியாகக் கிடக்கும். எட்டரைக்குப் பெல் அடிக்கும் என்றால் எட்டேகாலுக்கே உள்ளே போய்விடுங்கள். ஒரு தடவை லைன் முழுக்க நடந்து, மிஷின் ஒவ்வொன்றையும் தொட்டு, வேஸ்ட் துணியில் இரண்டு தையல் ஓட்டி, இழுத்துப் பாருங்கள். வருகிறவர்களுக்கு முகம் பார்த்து வணக்கம் சொல்லுங்கள்.

சிவப்புத் துணிக்குக் கட்டிங் மாஸ்டரைக் கேளுங்கள், வேஸ்ட்டில் கிடைக்கும். இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம் போதும்.

அன்புடன்,
பனியன் கம்பெனி லைனில் உங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா